வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு

பழந்தமிழர் யாழை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் காரைதீவு. அவ்வூர் அக்கா ஒருவருடன் கல்முனைக்குக் கிற்றார் வாங்கப் போனேன். கணவரின் கிற்றாரை 2004இல் சுனாமி கொண்டுபோய்விட்டது. தையலில் சேர்த்த காசுடன் வந்திருந்தார். இடக்கை விரல்களில் எறிகணைக் காயத்தின் விறைப்பு.

கடைக்காரத் தம்பி பளபளப்பான ஒன்றை நீட்டினார். அக்கா உடனே காசை எடுத்தார்.

"அக்கா, முதல்ல வாசிச்சுப் பாருங்க" என்றேன்.

கம்பிகள் பலகையிலிருந்து மிக உயர்ந்திருந்தன. விரலால் அழுத்த முடியவில்லை.

சகோதரிகளே, உருக்குக் கம்பிக் கிற்றார் வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். 12ஆவது கட்டில் கம்பிக்கும் கட்டுக்கும் இடைவெளி 2 முதல் 3 மில்லிமீற்றர் போதும். கழுத்து முறுகியிருக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். கம்பி இரையக் கூடாது. கம்பியைத் தாங்கும் குதிரை மேற்பலகையிலிருந்து கிளம்பியிருக்கக் கூடாது. ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒற்றைப் பலகைக்கு விலை கூட, நாதமும் கூட. வாங்கியபின், கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். வாசித்ததும் துடைத்து வையுங்கள்.

மூன்றாவது கிற்றார் மினுங்கவில்லை. ஆனால் அக்காவின் விரல்களுக்குக் கம்பிகள் இணங்கின.

திரும்பும் வழியில் சொன்னார்: "நிவாரணத்தில தந்ததை வாங்கியே பழகிட்டன், தங்கச்சி. வேணாம் எண்டு இண்டைக்குத்தான் சொன்னன்."