ஞாயிற்றின் சத்தியும் அதற்கொரு களஞ்சியமும்

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், வீட்டுக் கூரைகளிற் சூரியத் தகடுகள் பொருத்தியோரிடம் இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது. ஏப்பிரல் 13 முதல் 21 வரை, நாடோறும் பிற்பகல் 3 மணிவரை, அத்தகடுகளை நிறுத்தி வைக்குமாறு அது கேட்டது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022ஐ மறவாதார்க்கு, விலையின்றி வரும் வெயிலை வேண்டாமெனத் தள்ளுதல் விந்தையாகவே தோன்றியிருக்கும்.

காரணம் யாது? நெல்லைக் குதிரிற் கொட்டி வைத்து ஆண்டு முழுவதும் உண்ணலாம். கம்பியில் ஓடும் மின்னோ பிறந்த கணத்திலேயே செலவாதல் வேண்டும். ஆலைகளும் அலுவலகங்களும் மூடிய நாளிற் பிறப்பு மிகுந்தால், மின்னோட்டத்தின் மீடிறன் செக்கனுக்கு 50 சுற்று என்ற அளவில் நில்லாது ஏறும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நீர்மின், அனல்மின் நிலையங்களிற் பல தொன் எடையுள்ள சுழலிகள் சுழல்கின்றன. குழப்பம் நேரின், நம் மாணவர் பௌதிகவியலிற் பயிலும் சடத்துவமே சில செக்கன் தாங்கி நிற்கும். சூரியத் தகட்டிலோ சுழல்வது ஒன்றுமில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையால் நாடெங்கும் மின் தடைப்பட்டதெனக் கூறப்பட்டது. குரங்கின்மேற் பழிபோடல் எளிது. அன்று நுகர்வு குறைந்து, சூரிய மின்னின் பங்கு மிகுந்து, சுழலும் பொறிகள் சிலவாயிருந்தமையும் அதற்குக் காரணமாகும்.

ஆகவே வேண்டுவது களஞ்சியம். மிகுமின்னாற் கீழ்க்குளத்து நீரை மேற்குளத்துக்கு ஏற்றி, இரவில் இறக்கிச் சுழலியை ஓட்டுதல் பழைய முறை. ஓர் அலகு மின் 36 இலட்சம் யூல். ஒரு கிலோகிராம் நீரை 100 மீற்றர் உயர்த்தினாற் சேர்வது 981 யூலே. எனவே ஓர் அலகைச் சேமிக்க ஏறத்தாழ 3,670 கிலோகிராம் நீர் வேண்டும்! அதிலும் ஏற்றச் செலவிட்டதில் நான்கில் மூன்று பங்களவே மீளும். அரநாயக்கப் பகுதியில் 600 மெகாவாற்று வலுவுடைய இத்தகைய நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்திலோ நீரை ஏற்ற மலை ஏது?

அதே அலகை ஏழெட்டுக் கிலோகிராம் இலித்தியக் கலங்களில் அடக்கலாம். மோட்டார் வண்டியில் நாமறிந்த ஈயக் கலமாயின் முப்பது கிலோகிராமளவு வேண்டும். தென் அவுஸ்திரேலியாவின் ஹோர்ன்ஸ்டேலில் 2017இல் நிறுவப்பட்ட 100 மெகாவாற்று மின்கலவடுக்கு, ஒரு செக்கனுக்குள் வலுவை ஈந்து மீடிறனைத் தாங்கிக் காட்டிற்று. இத்தகைய அடுக்குகள் சுழலியின் சடத்துவத்தைப் போலச் செய்யவும் வல்லன.

2010க்கும் 2020க்கும் இடையில் இக்கலங்களின் விலை ஏறக்குறையப் பத்திலொன்றாய் வீழ்ந்தது. ஆயினும் நண்பகல் அலகுக்கும் முன்னிரவு அலகுக்கும் ஒரே விலையெனின் வீட்டுக்காரர் கலம் வாங்கார். விளக்கேற்றும் வேளையில் அவர் மீளத் தரும் அலகுக்குக் கூடிய விலை கொடுத்தலே முறையென்பது எம் கருத்து.