விழவைத்துப் பார்த்தவர்கள்

எடின்பரோ பல்கலைக்கழகத்து உளவியலாளர் டேவிட் லீ, எரிக் ஆரன்சன் என்பவரோடு சேர்ந்து ஆய்வு நடத்திய அந்த அறைக்குச் சொந்தத் தரை கிடையாது. சுவர்களும் கூரையும் மட்டும் ஆய்வுக்கூடத் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. அப்போதுதான் நிற்கப் பழகியிருந்த, ஒரு வயது தாண்டிய குழந்தைகளை அதற்குள் நிறுத்தினார்கள். பிறகு எதிர்ச்சுவர் குழந்தையை நோக்கி வரும்படி அறையையே நகர்த்தினார்கள். தரை அசையவில்லை, குழந்தையை யாரும் தொடவுமில்லை. ஆனாலும் குழந்தைகள் பின்பக்கம் தடுமாறின. சில பொத்தென்று விழுந்தன. 1974-ல் வெளியான ஆய்வு இது.

அந்தக் குழந்தை அதுவரை கண்ட சுவர் எதுவும் தானாக நகர்ந்ததில்லை. சுவர் கிட்டே வந்தால், தான் முன்னால் சாய்வதாகத்தான் மூளை எடுத்துக்கொள்கிறது. உடம்பைப் பின்னுக்கு இழுக்கிறது. சாயாத உடம்பைச் சரிசெய்யப் போனால் விழாமல் என்ன செய்யும்? பெரியவர்களை நிறுத்திப் பார்த்தபோது, அவர்களும் அறையோடு சேர்ந்து லேசாக ஆடினார்கள்.

உடம்பைப் பொறுத்தவரை சும்மா நிற்பது என்று ஒன்று கிடையாது. நம் எடையின் மையம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்ளாவிட்டால் முகம் குப்புறப் போய்விடுவோம். உள்ளங்கையில் துடைப்பக்கட்டையை நிறுத்திக் காட்டும் பையன் கையை ஓயாமல் அசைப்பதுபோல, அந்தத் தசையும் சின்னச் சின்னதாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. எப்போது, எவ்வளவு இழுப்பது என்ற தகவல் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: கண், உட்காது, பிறகு பாதத்தின் தோலும் தசைகளும் மூட்டுகளும்.

மூன்றாவதை நாம் கண்டுகொள்வதே இல்லை. பெர்லின் மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் 1840-களில் அதைக் கவனித்தார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட அவருடைய நோயாளிகள் கண் திறந்திருக்கும்வரை ஒழுங்காக நின்றார்கள். மூடச் சொன்னால் ஆடினார்கள். முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது தள்ளாடுவது இந்த நோயாளிகளின் வழக்கமான புகார். கால் அனுப்பவேண்டிய செய்தி முதுகுத்தண்டில் அறுபட்டதால், முழுப் பொறுப்பையும் கண் ஏற்றிருந்தது. இன்றும் நரம்பியல் மருத்துவர் பாதங்களைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடச் சொல்வது இதற்காகத்தான். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களிடமும், வைட்டமின் பி12 மிகவும் குறைந்தவர்களிடமும் இதே தள்ளாட்டத்தைப் பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லும் இந்தச் சோதனை சிறுமூளைக்கானது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. சிறுமூளை கெட்டால் கண் திறந்திருக்கும்போதே நிலையாக நிற்க முடியாது.

பிரிட்டனைச் சேர்ந்த இயன் வாட்டர்மனுக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. 1971-ல், 19 வயதில், ஒரு நோய்த்தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும், கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் அடியோடு போய்விட்டன. தசைகளுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனாலும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறகு ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் சரிந்துவிடுவார். மருத்துவர் ஜொனதன் கோல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

கண்ணை மூடிவிடலாம். காலை எப்படி மூடுவது? அமெரிக்கரான லூயிஸ் நாஷ்னர் அதற்கு ஒரு வழி கண்டார். ஆளை ஒரு மேடையில் நிறுத்துவார்கள்; அவர் முன்னால் சாய்ந்தால் அதே அளவுக்கு மேடையும் சாயும். கணுக்காலின் மடிப்பு மாறாததால், உடம்பு சாய்கிறது என்ற சேதியே மேலே போகாது. சுற்றியுள்ள திரையையும் அப்படியே ஆட்டிவிட்டால் கண்ணும் ஏமாறும். மிஞ்சுவது உட்காது மட்டுமே. உட்காது பழுதானவர்கள் இந்தக் கட்டத்தில் விழுந்துவிடுவார்கள். அதற்காகத்தான் விழாமல் தாங்கும் பட்டையை உடம்பில் கட்டிவிடுகிறார்கள். விண்வெளியிலிருந்து திரும்பிய வீரர்களை நாசா இப்படிப்பட்ட மேடையில் ஏற்றியபோது, அவர்களும் இதே கட்டத்தில்தான் அதிகம் தடுமாறினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வேறு. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லாக்னர் குழு 1990-களில் செய்தது. ஆட்களின் கண்ணை மூடி, ஒரு விரல்நுனியால் கம்பியைத் தொடச் சொன்னார்கள். சாய்ந்துகொள்ளக் கூடாது, தாங்கிப் பிடிக்கப் போதாத அளவுக்குத்தான் அழுத்தலாம். அப்படியும் ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. விரல் பிடிமானம் தரவில்லை, தகவல் தந்தது. கரண்ட் போன இரவில் சுவரைத் தடவியபடி போகிறோமே, அதில் பாதி விஷயம் இதுதான்.

கருவியே இல்லாத ஆய்வும் ஒன்று உண்டு. வயதாக ஆக, நடையே கவனத்தைக் கேட்கிற வேலையாகிவிடுகிறது. பேச்சுக்கு மிச்சம் இருப்பதில்லை. சுவீடனில் லுண்டின் ஓல்சன் குழு, விடுதியில் வாழும் 58 முதியவர்களோடு நடந்துகொண்டே பேச்சுக்கொடுத்துப் பார்த்தது. பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். 1997-ல் 'லான்செட்' இதை வெளியிட்டதும் மருத்துவர்களிடையே பிரபலமாகிவிட்டது. ஆனால் நிற்காமல் பேசிக்கொண்டே நடந்த 46 பேரிலும் 11 பேர் விழுந்திருக்கிறார்கள் என்பதைப் பலர் சொல்வதில்லை.