ஒரே சந்தேகம், இரு சொற்கள்

நாம் சந்தேகம் என்று ஒரே சொல்லால் குறிப்பதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. ஒருவன் திருடியதாக ‘டவுட்’ என்றால், திருடினான் என்பதை நம்பவில்லை என்று பொருள்; ‘சஸ்பெக்ட்’ என்றாலோ, திருடியிருப்பான் என்றே கருதுவதாகும். முன்னது லத்தீனில் ‘இரண்டு’ என்பதோடு உறவுடையது. மனம் இருபாற்பட்டு நிற்பது. பின்னது கீழிருந்து நோக்குவது.

இவ்வேற்றுமை இலக்கணத்தோடு நிற்பதன்று. 1898-ஆம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 54-வது பிரிவு, சில வகைக் குற்றங்களில், நியாயமான ‘சஸ்பிஷன்’ இருப்பின் வாரண்டின்றிக் கைது செய்யப் போலீஸாருக்கு அதிகாரம் அளித்தது. 2023-ல் இயற்றப்பெற்ற சட்டத்திலும் அச்சொல் உண்டு. நியாயமான ‘டவுட்’ எழுந்தாலோ நீதிபதி விடுவித்தாக வேண்டும். ஒன்று விலங்கு பூட்டும். மற்றொன்று விலங்கை அவிழ்க்கும்.

“அவன் எடுத்தது சந்தேகந்தான்” என்பது முதலாவது. “அவன்மேல் சந்தேகம்” என்பது இரண்டாவது. சாட்சியின் வாய்மொழியை ஆங்கிலப்படுத்துவோர் இந்த ‘மேல்’ என்பதை மறத்தலாகாது. ஒருவனது விடுதலை அதில் அடங்கியிருக்கலாம்.