பழைய கணக்கு, புதிய சாவி



கடையின் பூட்டை மாற்றினால் சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் வீட்டுக்குப் போகிறோம். 2017-ல் நம் வரிக்கணக்குகள் அனைத்துக்கும் பூட்டு மாறியது. அந்தப் புதிய சாவி இன்று யார் கையில் இருக்கிறது? தாம்பரத்தில் மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் கடைகளுக்குச் சரக்கு போடுகிறோம். "ஓ.டி.பி. ஆடிட்டருக்குத்தான் போகும், எனக்கு வராது" என்று சொல்லும் கடைக்காரர்களை அங்கு இன்றும் பார்க்கிறோம்.

2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரியில் நமக்கு 11 இலக்க டின் எண் இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்காகத் தமிழக வணிகர்களைப் புதிய இணையதளத்துக்கு மாற்றும் வேலை அந்த ஆண்டு ஜனவரி 1-லேயே தொடங்கியது. வணிகவரித் துறை மூலம் ஒரு தற்காலிக எண்ணும் கடவுச்சொல்லும் தந்தார்கள். அவற்றைக் கொண்டு உள்ளே போய், செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து, சொந்தமாகப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாநிலத்தில் ஒரு பான் எண்ணுக்கு ஒரே தற்காலிகப் பதிவுதான் தரப்பட்டது. 15 இலக்க எண்ணில் 33 என்பது தமிழ்நாடு. அடுத்த 10 இடம் நம் பான் எண்.

பழைய கடவுச்சொல்லையே கொண்டுபோயிருக்கலாமே என்று கேட்பவர் உண்டு. ஒழுங்காகக் கட்டிய எந்தக் கணினி அமைப்பும் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அரைத்துப் பொடியாக்கித்தான் வைக்கிறது. மிளகாய்த்தூளை மறுபடி மிளகாயாக்க முடியுமா? நாம் உள்ளே நுழையும்போதெல்லாம் தட்டுகிற சொல்லை அதே முறையில் அரைத்து, இருப்பிலுள்ள பொடியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இயந்திரம் மாறினால் பொடியும் மாறிவிடும்.

ஆகவே செல்பேசி எண்ணே உண்மையான சாவி. கடவுச்சொல் மறந்தாலும், ஓ.டி.பி. மூலம் ரிட்டர்ன் போட்டாலும் அந்த எண்ணுக்குத்தான் செய்தி போகும். கணக்கர் வேலையை விட்டுப் போனாலோ, மனத்தாங்கல் வந்தாலோ நம் கணக்கு நமக்கே பூட்டிக்கொள்ளும். 3பி படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வரவு செலவே இல்லாவிட்டால் 20 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி. தொடர்ந்து 2 வரிக்காலம் போடாவிட்டால் இ-வே பில் எடுக்க முடியாது, லாரி நின்றுவிடும்.

வழி இருக்கிறது. உள்ளே நுழைய முடிந்தவர்கள் பதிவுத் திருத்தத்தில் செல்பேசியையும் மின்னஞ்சலையும் தாங்களே மாற்றலாம். முடியாதவர்கள் ஆவணங்களுடன் தங்கள் சரக வரி அலுவலரை அணுகவேண்டும். அவர் சரிபார்த்துப் புதிய விவரத்தைப் பதிந்தால், தற்காலிகக் கடவுச்சொல் நம் மின்னஞ்சலுக்கு வரும். முதல்முறை நுழைவு என்ற இணைப்பில் போய் மாற்றிக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழையவும் எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயம். கடைப் பையன்களிடம் முதலாளியின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், அவரவர் செல்பேசிக்குத் துணைப் பயனர் கணக்கு எடுத்துக் கொடுங்கள்.

ஆர்டர் எடுக்கச் சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். ஜாங்கோ போன்ற மென்பொருள் கட்டமைப்பில் பயனர் கணக்கும் கடவுச்சொல் பாதுகாப்பும் உள்ளேயே கட்டப்பட்டு வருகின்றன. அதற்கு மாறும்போது வாடிக்கையாளரின் பழைய எண் மாறக்கூடாது. மாறினால் பற்று வரவு வேறொருவர் பேரில் ஏறிவிடும். ஒரே செல்பேசி எண்ணில் இரண்டு கணக்கு இருந்தால் முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். பழைய பொடியையும் கொண்டுபோகலாம். வாடிக்கையாளர் முதல்முறை நுழையும்போது புதிய முறைக்கு மாற்றிக்கொள்ள அதில் வழியுண்டு. "எல்லோர் கடவுச்சொல்லும் பட்டியலாக இருக்கிறது" என்று மென்பொருள்காரர் சொன்னால் மகிழாதீர்கள். நீங்கள் பார்க்க முடிகிறதை யாரும் திருட முடியும்.

இந்த வாரமே உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் எந்த எண், எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். ஆடிட்டர் கணக்கு எழுதட்டும். சாவி முதலாளியிடம் இருக்கட்டும்.