எல்டிஎச் ஏறினால் நோய் ஏறிவிட்டதா? மெலனோமா சிகிச்சையில் ரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

மருந்து ஏற்றும் நாளுக்கு முந்தைய மாலையே ரத்தப் பரிசோதனை முடிவு கைபேசிக்கு வந்துவிடுகிறது. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே குடும்பம் பார்த்துவிடுகிறது. முப்பது நாற்பது வரிகளில் மூன்று மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்: எல்டிஎச் 268, எஸ்ஜிபிடி 71, டிஎஸ்எச் 0.03. போன முறை எல்லாமே சரியாக இருந்தனவே, மருந்து கேட்கவில்லையா, நோய் பரவுகிறதா என்று அன்றிரவு யாருக்கும் தூக்கம் வருவதில்லை. முற்றிய மெலனோமாவுக்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

அந்தப் பயத்தில் பெரும்பகுதி, ரிப்போர்ட்டிடம் அது பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்பதால் வருகிறது. புற்றுநோய் சுருங்குகிறதா என்பதற்கு ரத்தம் அரைகுறையாகத்தான் பதில் சொல்லும். அதற்கு ஸ்கேன் இருக்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பதன் முதன்மையான நோக்கம் வேறு. தூண்டிவிடப்பட்ட நோயெதிர்ப்பு மண்டலம் கல்லீரலையோ தைராய்டையோ சிறுநீரகத்தையோ தாக்கத் தொடங்கியிருந்தால், நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதற்கு முன்பே அதைப் பிடித்துவிடுவதே அந்த நோக்கம்.

மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் புற்றுநோய். உலகிலேயே ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் அதிகம். நம்மவர்களிடையே அரிது, வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோ வருகிறது. 2011க்கு முன்பு, உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட மெலனோமாவுடன் ஓராண்டைத் தாண்டியவர்கள் குறைவு. அந்த ஆண்டு இபிலிமுமாப், 2014இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று மருந்துகள் வந்தன. நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களை அடக்கிவைக்கும் புரதங்களின் பிடியை இவை தளர்த்துகின்றன. இந்தப் புரதங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015இல் கல்லீரலிலும் மூளையிலும் மெலனோமா பரவியிருந்தது. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிசுமாப் மூன்றையும் பெற்றார். 100 வயது கண்டு 2024 டிசம்பரில்தான் மறைந்தார். இபிலிமுமாபையும் நிவோலுமாபையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த செக்மேட் 067 ஆய்வில், 10 ஆண்டுகள் கழித்தும் 43 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். அதே ஆய்வில் அதே இரு மருந்துகளைப் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கடுமையான பக்கவிளைவுகளைச் சந்தித்தார்கள். அடிக்கடி ரத்தம் எடுப்பது அதனால்தான்.

கீமோ பார்த்துப் பழகிய வீடுகளில் முதலில் தேடுவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை. இந்தச் சிகிச்சையில் அது சரிவது அரிது. பார்க்க வேண்டிய வரிகள் வேறு.

அவற்றில் அதிகம் தவறாக வாசிக்கப்படுவது எல்டிஎச் என்பது என் கருத்து. லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற இந்த நொதி உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. செல் சிதைந்தால் ரத்தத்தில் கலக்கும். வேகமாகப் பெருகும் கட்டிகள் அதை நிறைய வெளியிடுகின்றன. பரவிய மெலனோமாவின் நிலையைக் குறிக்கும் சர்வதேச வகைப்பாட்டிலேயே எல்டிஎச் இடம்பெறுகிறது. வேறெந்த ரத்தப் பரிசோதனைக்கும் அங்கே அந்த இடம் இல்லை. சிகிச்சை தொடங்கும்போதே அது உயர்ந்திருந்தால் நோயின் சுமை அதிகம் என்று பொருள். ஆனால் அது தீர்ப்பாகிவிடாது. செக்மேட் 067இல் எல்டிஎச் உயர்ந்த நிலையில் இரு மருந்துகளையும் தொடங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் 5 ஆண்டுகளைக் கடந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், எல்டிஎச் எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண் சொல்லாது. ரத்தச் சிவப்பணுக்களுக்குள் எல்டிஎச் ஏராளம். நரம்பு கிடைக்காமல் தடவித் தடவிக் குத்தியிருந்தாலோ, குழாயைக் குலுக்கியிருந்தாலோ, லேபுக்குப் போய்ச் சேரத் தாமதமாகியிருந்தாலோ சிவப்பணுக்கள் உடைந்து எண் ஏறிவிடும். பொட்டாசியமும் கூடவே ஏறியிருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். கல்லீரல் அழற்சி, தசை அழற்சி, நிமோனியா, முந்தைய நாளின் கடும் உடலுழைப்பு எல்லாமே அதை உயர்த்தும். இன்னொன்று, எல்டிஎச்சை அளக்கும் முறை எல்லா லேபிலும் ஒன்றல்ல. ஒரு லேபில் மேல் வரம்பு 250ஐ ஒட்டி இருக்கும், இன்னொன்றில் 450ஐயும் தாண்டும். இந்த மாதம் ஓரிடம், அடுத்த மாதம் வேறிடம் என்று ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு எண்களையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அப்படியானால் 268ஐ எப்படி எடுத்துக்கொள்வது? வரம்பு 250 என்றால், இது சிறிய ஏற்றம். அடுத்த முறை 240, அதற்கடுத்து 225 என்று இறங்கினால் மறந்துவிடலாம். 268, 340, 460 என்று ஒரே லேபில், வேறு காரணம் ஏதுமின்றி, உடல் மெலிந்துகொண்டே ஏறினால் மருத்துவர் அடுத்த ஸ்கேனை முன்கூட்டியே எடுக்கச் சொல்லக்கூடும். பொதுவாக முதல் ஸ்கேன், சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ 12 வாரத்தில். நோயெதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் திரண்டு புகுவதால், அது சுருங்குவதற்கு முன் ஸ்கேனில் பெரிதாகத் தெரிவதும் சிலரிடம் நடக்கிறது. அதனால் உடல்நிலை நன்றாக உள்ளவருக்குச் சில வாரம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டியிலிருந்து ரத்தத்தில் கசியும் டிஎன்ஏ துணுக்குகளை அளப்பது இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உதவும் என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின. ஜெர்மனியில் எஸ்100பி என்ற புரதத்தையும் பார்க்கிறார்கள். எல்லா ஊரிலும் இவை வழக்கத்துக்கு வந்துவிடவில்லை.

அடுத்தது கல்லீரல். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதிகளின் எண்களை, மேல் வரம்பைப் போல் எத்தனை மடங்கு என்று கணக்கிட்டு வாசிக்க வேண்டும். எஸ்ஜிபிடி வரம்பு 40 என்றால் 71 இரு மடங்கைக்கூடத் தொடவில்லை. மூன்று மடங்கு வரை பெரும்பாலும் மருந்தைத் தொடர்ந்துகொண்டே ரத்தத்தை அடிக்கடி பார்ப்பார்கள். மூன்றிலிருந்து ஐந்து மடங்கு என்றால் டோஸைத் தள்ளிவைப்பார்கள். ஐந்தைத் தாண்டினால் உடல் எடைக்கேற்ப ஸ்டெராய்டு தொடங்கி, எண்கள் இறங்கிய பிறகும் நான்கு முதல் ஆறு வாரம் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். எண் இறங்கிவிட்டதே என்று ஸ்டெராய்டைத் தானாக நிறுத்தினால் அழற்சி திரும்பிவிடலாம். எண்களோடு பிலிருபினும் உயர்ந்து கண்ணில் மஞ்சள் தெரிந்தால் மடங்குக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கல்லீரல் என்றதும் கீழாநெல்லியைத் தேடுவது நம் வீடுகளின் வழக்கம். சிகிச்சை நடக்கும் காலத்தில் எந்த மூலிகை மருந்தும் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்கவும் வேண்டாம். நாட்டு மருந்தோ, பாராசிட்டமாலோ, கொழுப்பு மாத்திரையோ, பழைய ஹெபடைடிஸ் பி கிருமி மீண்டும் தலைதூக்கியதோ எதனால் எண் ஏறியது என்று பிரித்தறிய முடியாமல் போனால், பலன் தந்துகொண்டிருக்கும் சிகிச்சையை வீணாக நிறுத்த நேரிடும்.

இங்கே இன்னொரு நுணுக்கம். எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு. எஸ்ஜிபிடியை விட எஸ்ஜிஓடி அதிகம் ஏறியிருந்தால் கல்லீரலை மட்டும் சந்தேகிக்காமல் தசைச் சிதைவைக் காட்டும் சிபிகே, இதயத் தசைச் சிதைவைக் காட்டும் ட்ரோபோனின் இரண்டையும் பார்க்க வேண்டும். நோயெதிர்ப்பு மருந்துகள் நூறில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ இதயத் தசையில் அழற்சியை உண்டாக்குகின்றன. அது வருவது அரிது; வந்தால் உயிரிழப்பவர்களின் விகிதம் மிக அதிகம். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வருகிறது. தொடை வலி, இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது ஒன்றோடு சிபிகே ஏறியிருந்தால் மறுநாள் புறநோயாளிப் பிரிவு திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; 0.03 பயமுறுத்தும் எண். பலருக்கு அதன் கதை இப்படிப் போகும். மருந்து தொடங்கிய சில வாரங்களில் தைராய்டு சுரப்பி அழற்சியடைந்து, சேமித்து வைத்திருந்த ஹார்மோனைக் கொட்டிவிடும். டிஎஸ்எச் தரைமட்டத்துக்கு இறங்கும், எஃப்டி4 என்ற தைராய்டு ஹார்மோன் ஏறும், படபடப்பும் வியர்வையும் இருக்கும். இன்னும் சில வாரங்களில் சேமிப்பு தீர்ந்து எல்லாம் தலைகீழாகும்: டிஎஸ்எச் 20, 40 என்று ஏறும், களைப்பும் மலச்சிக்கலும் வரும். முதல் கட்டத்தில் தைராய்டைக் கட்டுப்படுத்தும் மருந்து பொதுவாகத் தேவைப்படாது, படபடப்பைக் குறைக்கும் மாத்திரை போதும். இரண்டாம் கட்டத்தில் தைராக்சின், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. புற்றுநோய் மருந்தை இதற்காக நிறுத்த வேண்டியிருப்பது அபூர்வம். முடி உதிர்கிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை லேபில் சொல்லிவிட வேண்டும். சில கருவிகளில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்தும் எஃப்டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும்.

டிஎஸ்எச், எஃப்டி4 இரண்டுமே குறைவாக இருந்தால் கோளாறு தைராய்டில் இல்லாமல் மூளையடியில் உள்ள பிட்யூட்டரியில் இருக்கலாம். இபிலிமுமாப் பெறுபவர்களிடம் இதைக் கூடுதலாகக் காண்கிறோம். தீராத தலைவலி, எழ முடியாத அசதி, ரத்தத்தில் குறையும் சோடியம் ஆகியவை இதன் துணை அடையாளங்கள். காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசால் ஹார்மோனின் அளவைப் பார்க்க வேண்டும். கார்ட்டிசால் குறைந்திருக்கும் நிலையில் தைராக்சினை முதலில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், அதன் பிறகே தைராக்சின். பிரட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டைச் சாப்பிடுபவருக்குக் கார்ட்டிசால் எண் இயல்பாகவே தாழ்ந்திருக்கும் என்பதையும் பார்ப்பவர் அறிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை திடீரென 300, 400க்குத் தாவினால் அன்றே மருத்துவமனை. கணையத்தின் இன்சுலின் செல்கள் அழிந்து ஓரிரு வாரத்தில் முதல்வகை நீரிழிவு வந்துவிடுவது உண்டு. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அப்போது கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கலாம். அதை நம்பி ஏமாறக் கூடாது. ஸ்டெராய்டும் சர்க்கரையைக் கூட்டும், ஆனால் வாந்தி, வேகமான மூச்சு, தீராத தாகம் சேர்ந்தால் ஸ்டெராய்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்க முடியாது.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் தொடக்க அளவைப் போல் ஒன்றரை மடங்கானால் கவனிக்க வேண்டும். 0.6 ஆக இருந்தவருக்கு 1.0 என்பது லேப் வரம்புக்குள்தான் இருக்கும், தடித்த எழுத்தில் வராது, ஆனாலும் அது பெரிய ஏற்றம். ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் பான்டப்ரசோல், ஒமெப்ரசோல் போன்ற வயிற்று மாத்திரைகள் நோயெதிர்ப்புச் சிகிச்சையில் வரும் சிறுநீரக அழற்சிக்கு வழிவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தேவையில்லையென்றால் அவற்றை நிறுத்தலாமா என்று கேட்பது நல்லது.

வெள்ளை அணுக்களில் ஒரு வகையான ஈசினோபில் சற்றே ஏறுவது பல ஆய்வுகளில் நல்ல பலனோடு சேர்ந்து காணப்பட்டிருக்கிறது. அதை வைத்து ஒரு தனி நோயாளிக்கு ஆரூடம் சொல்ல முடியாது. ஸ்டெராய்டு இன்னொரு வகையான நியூட்ரோபிலை ஏற்றிவிடும். அந்த ஏற்றம் தொற்றின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, ரத்தத்தில் தெரியாதவற்றைச் சொல்லாமல் விடக் கூடாது. குடல் அழற்சி, நுரையீரல் அழற்சி இரண்டும் இந்தச் சிகிச்சையில் உயிரைப் பறிக்கக்கூடியவை. வழக்கமான ரத்தப் பரிசோதனை இரண்டையும் காட்டாமல் போகலாம். எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்திருக்கும் வீட்டில், அப்பா ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கூடுதலாக வெளிக்குப் போய்க்கொண்டிருப்பார். பேதியை நிறுத்த ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். புதிய வறட்டு இருமலும் படியேறினால் வாங்கும் மூச்சும் அப்படித்தான் கவனிக்காமல் விடப்படுகின்றன. ரிப்போர்ட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இவற்றுக்கு அன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கும் இதே மருந்துகள் தரப்படுவதால், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மெலனோமா இல்லாத பல வீடுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். சிகிச்சைக்கு முன் எடுத்த முதல் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். மற்ற எல்லா எண்களையும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரே லேபுக்குப் போங்கள். வேறு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் பொத்தாம்பொதுவாகக் ‘கீமோ எடுக்கிறார்’ என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அங்குள்ளவர்கள் தொற்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்து காட்டுங்கள். கடைசி டோஸ் ஏற்றி ஆறு மாதம் ஆகியிருந்தாலும் காட்டத்தான் வேண்டும், ஏனென்றால் மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் இந்த அழற்சிகள் புதிதாகத் தொடங்குவது உண்டு.