பழைய காரின் அடியில் என்ன ஓசை?

மேடு பள்ளமான சாலையில் பழைய கார் ஒன்று போகும்போது அதன் அடியிலிருந்து 'டொக், டொக்' என்று ஓசை எழுவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், "ஷாக் அப்சார்பர் போய்விட்டது, நான்கையும் மாற்றிவிடலாம்" என்பார்கள். நான்கும் மாற்றப்படும், பணமும் செலவாகும். மறுநாள் அதே பள்ளத்தில் அதே ஓசை கேட்கும்! காரணம் எளியது. ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோனால் பெரும்பாலும் ஓசை வருவதில்லை. ஓசையிடுவது வேறோர் உறுப்பு. ஓசையே இல்லாமல் தன் வேலையை நிறுத்திவிடுகிற ஷாக் அப்சார்பரோ யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே, பழுதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சக்கரங்களையும் காரின் உடலையும் இணைக்கும் ஸ்பிரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள், கைகள், மூட்டுகள் ஆகிய அனைத்தையும் சேர்த்து 'சஸ்பென்ஷன்' என்கிறோம். பயணிகளின் இடுப்பு நோகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மைதான். இதன் பெரிய வேலை, டயரைச் சாலையோடு ஒட்ட வைத்திருப்பது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாருதி 800 காரின் எடை ஏறக்குறைய 650 கிலோ. நான்கு பேர் ஏறினால் மொத்தம் சுமார் 900 கிலோ. ஒரு சக்கரத்தின் பங்கு 225 கிலோ. டயரில் சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு காற்றழுத்தம் இருந்தால், அது சதுர செ.மீ.க்குச் சுமார் 1.8 கிலோ ஆகும். 225-ஐ 1.8-ஆல் வகுத்தால் 125 சதுர செ.மீ. கிடைக்கிறது. டயர் சாலையைத் தொடும் இடம் ஏறத்தாழ இவ்வளவுதான். அதாவது ஓர் உள்ளங்கை அகலம்! பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும் இந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான். இவற்றில் ஒன்று சாலையை விட்டுத் துள்ளினால், துள்ளிய நேரம் வரையில் அந்தச் சக்கரத்தின் பிரேக் இருந்தும் இல்லாததே.

இனி உறுப்புகளைப் பார்ப்போம். சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள்: சுமை எவ்வளவோ அவ்வளவு அமுக்கம். சுருள் ஸ்பிரிங்கை அமுக்கும்போது அதன் கம்பி வளைவதாகத் தோன்றும். உண்மையில் கம்பி முறுக்கப்படுகிறது. அம்பாசடர் காரின் பழைய மாடல்களில் முன்சக்கரங்களுக்குச் சுருளே கிடையாது. நீளவாக்கில் படுத்திருக்கும் நேரான எஃகுத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு சுமையைத் தாங்கியது. அந்தத் தண்டையே சுருட்டி வைத்தால் அதுதான் சுருள் ஸ்பிரிங்.

வயதான ஸ்பிரிங் 'இளகிவிட்டது' என்று சொல்வது வழக்கம். இது சரியன்று. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் கனம், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் இயல்பு ஆகியவற்றைப் பொறுத்தது. எஃகின் இயல்பு வயதினால் மாறுவதில்லை. மாறுவது உயரமே. ஆண்டுக்கணக்கில் சுமையைத் தாங்கிய எஃகு சிறிது நிரந்தரமாகப் படிந்துவிடுகிறது. கார் தாழ்கிறது, சக்கரம் மேலே ஏறுவதற்கு உள்ள இடம் குறைகிறது. சிறிய பள்ளத்திலும் சக்கரம் மேலெழும்பி ரப்பர் முட்டில் போய் இடிக்கிறது. எனவே, படிந்த ஸ்பிரிங் உள்ள கார் மெத்தென்று இராது. கட்டை வண்டி போலக் கடினமாக இருக்கும். துருப் பிடித்தால் மட்டும் கதை வேறு. விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆதலால் கம்பி முழுவதும் துருவினால் நூற்றுக்கு 5 பங்கு மெலிந்தால், விறைப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 19 பங்கு குறையும். ஆழமாக அரித்த இடத்தில் ஒருநாள் முறிந்தும் போகும். அடிச் சுற்றில் முறிந்த ஸ்பிரிங், கிண்ணத்துக்குள் மறைந்து கிடப்பதால் எளிதில் கண்ணில் படாது.

ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு: வாங்கிய ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். ஸ்பிரிங் மட்டுமே இருந்தால், ஒரு பள்ளத்தில் இறங்கிய கார் வினாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை வீதம் தொட்டில் போல ஆடிக்கொண்டே போகும். காரின் உடல் இப்படி மெதுவாக ஆட, சக்கரமோ டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை துடிக்கும். 50 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடியில் கார் கடக்கும் தூரம் சுமார் 14 மீட்டர். வினாடிக்குப் பன்னிரண்டு துடிப்பு என்றால், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துக்கு ஒரு முறை டயர் சாலையில் பலமாக அழுந்தும், மறுகணம் லேசாகும். இந்த ஆட்டம், துடிப்பு இரண்டையும் அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. அதன் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. அதிர்ச்சியை முதலில் ஏற்பது ஸ்பிரிங்தான். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தைத் தின்கிறது. எண்ணெய் நிறைந்த குழாய்க்குள், நுண்ணிய துளைகளும் வால்வுகளும் உள்ள பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே வலிந்து நுழையும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தாலோ, வால்வு தேய்ந்தாலோ தடை குறைந்துவிடும்.

மூன்றாவது குழு, சக்கரத்தை அதனதன் இடத்தில் பிடித்துவைக்கும் கைகளும் மூட்டுகளும். எர்ல் மாக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் ஓர் எளிய அமைப்பை வகுத்தார். 1950-இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் அது இடம்பெற்றது. ஷாக் அப்சார்பரையே ஒரு தூணாக நிறுத்தி, கீழே ஒரு கை மட்டும் வைத்தால் போதும் என்பது அவர் கருத்து. இந்தத் தூணை 'ஸ்ட்ரட்' என்கிறார்கள். 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 காரின் முன்பகுதி இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதில் இன்னொரு சிக்கனம் உண்டு. வளைவில் கார் சாயாமல் தடுக்கும் குறுக்குக் கம்பியே, கீழ்க்கை முன்னும் பின்னும் நகராமல் பிடித்தும் கொள்கிறது. ஒரே கம்பிக்கு இரண்டு வேலை. அதன் ரப்பர் புஷ் தேய்ந்தால் இரண்டு கோளாறும் சேர்ந்தே வரும்.

ஓசையின் மூலத்தை அறிய இது நல்ல வழி காட்டுகிறது. அகலமான வேகத்தடை ஒன்றில் இரு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறும்படி மெதுவாக ஓட்டுங்கள். இரண்டும் சமமாக உயர்வதால் குறுக்குக் கம்பி முறுக்கப்படுவதில்லை. பிறகு ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி ஓட்டுங்கள். இப்போது கம்பி முறுக்கப்படுகிறது. முதல் சோதனையில் மௌனம், இரண்டாவதில் 'டொக்' என்றால், கம்பியின் புஷ்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். சமமான சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஒருமுறையும், மீண்டும் கிளம்பும்போது ஒருமுறையும் ஓசை வந்தால், கீழ்க்கை முன்பின்னாக நகர்கிறது என்று பொருள். நின்றுகொண்டிருக்கும் காரில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால், ஸ்ட்ரட்டின் உச்சியிலுள்ள மவுண்டிங் தேய்ந்திருக்கும். உதவிக்கு ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, பானெட்டைத் திறந்து அந்த உச்சியின் மேல் விரலை வைத்தால் துள்ளல் நன்கு தெரியும்.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்க எல்லோரும் அறிந்த முறை, காரின் ஒரு மூலையை உடல் பலத்தோடு அமுக்கிவிட்டுக் கையை எடுப்பது. ஒரு முறை மேலே வந்து, சற்றுத் தாழ்ந்து நின்றுவிட்டால் நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. ஆனால், இந்தச் சோதனையில் தேறியதாலேயே அது நல்ல ஷாக் அப்சார்பர் என்று சொல்லிவிட முடியாது. கையால் உண்டாக்கும் ஆட்டம் மிக மெதுவானது. பாதி தேய்ந்ததும் இதில் தேறிவிடும். துருப் பிடித்த பட்டை ஸ்பிரிங் உள்ள அம்பாசடரின் பின்புறத்தில், பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதாலேயே ஆட்டம் நின்றுவிடும். இதைவிட நல்ல சோதனை வேறொன்று உண்டு. கரடுமுரடான சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நிறுத்தியவுடன் நான்கு ஷாக் அப்சார்பர்களையும், பிரேக்கின் பக்கம் கை போகாமல், பதனமாகத் தொட்டுப் பாருங்கள். ஆட்டத்தைத் தின்றது சூடாக இருக்கும். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலை செய்யவில்லை. டயரும் சாட்சி சொல்லும். ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரக் கோணத்தில் கோளாறு; உள்ளங்கையால் தடவும்போது அங்கங்கே குழிகுழியாகத் தட்டுப்பட்டால், டயர் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது.

ஸ்பிரிங்குக்கு அளவுநாடாவே போதும். சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, காற்றழுத்தத்தைச் சரிபார்த்துக்கொண்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். இடம் வலம் இரண்டுக்கும் ஒரு செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணம் தேட வேண்டும்.

பால் ஜாயிண்டைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மற்ற உறுப்புகள் கெட்டால் கார் சரியாக ஓடாது; இந்தக் குமிழ்மூட்டு கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, உடலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகு (ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகக் கூடாது), சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது சக்கர பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ இருக்கலாம். எது என்று எப்படி அறிவது? உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் சக்கரத்தை அச்சு முனையோடு சேர்த்துப் பூட்டிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். பால் ஜாயிண்டின் ஆட்டம் மறையாது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்டியரிங்கின் மூட்டுகளில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங் கீழ்க்கையின் மேல் அமர்ந்திருக்கும் கார்களில், ஜாக்கியை அந்தக் கைக்கு அடியில் கொடுத்தால்தான் மூட்டின் மேலுள்ள சுமை நீங்கி ஆட்டம் வெளிப்படும். ஸ்ட்ரட் உள்ள கார்களில் சுமை தூண் வழியே போவதால் சக்கரத்தைத் தொங்கவிட்டே பார்க்கலாம்.

பழுது பார்ப்பதில் பல வேலைகள் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் எவரும் செய்யக்கூடியவை. குறுக்குக் கம்பியின் புஷ்களை மாற்றுவது ஒரு காலை நேர வேலை. ஸ்ட்ரட்டைப் பிரிப்பது அப்படியன்று. சக்கரம் தொங்கும்போதும் அதன் ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே இருக்கிறது. பிரிக்க வேண்டுமானால் இன்னும் அமுக்க வேண்டும். 200 கிலோ விசையால் 10 செ.மீ. அமுங்கிய ஸ்பிரிங்கில் உள்ள ஆற்றல், 10 கிலோ கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். உச்சியிலுள்ள நட்டை அப்படியே கழற்றினால் அவ்வளவு ஆற்றலும் ஒரு நொடியில் முகத்துக்கு நேரே பாயும். ஸ்பிரிங்கை இருபுறமும் அமுக்கிப் பிடிக்கும் திருகுக் கருவி இல்லாமல், கயிறும் கம்பியும் கட்டிச் செய்கிற பட்டறைகளைப் பார்க்கிறோம். துணிச்சல்தான், பாராட்ட மனம் வரவில்லை. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் இரண்டையுமே ஓர் அச்சுக்கு இரண்டாக மாற்ற வேண்டும். ஒருபுறம் புதியது, மறுபுறம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது இரு சக்கரங்களின் பிடிப்பும் ஒத்துப்போகாது.

புஷ் மாற்றுகிற போது ஒரு நுட்பம் பெரும்பாலும் தவறிவிடுகிறது. கீழ்க்கையின் ரப்பர் புஷ் பேரிங்கைப் போலச் சுழல்வதில்லை. ரப்பரே முறுக்கிக்கொண்டு கைக்கு இடம் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுவதும் இறுக்கிவிட்டு ஜாக்கியை இறக்கினால், கார் நேராக நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். அதன்மேல் பள்ளங்களின் முறுக்கும் சேர, சில மாதங்களில் கிழிந்துவிடும். "டூப்ளிகேட் ரப்பர்" என்று கடைக்காரரைக் குறை சொல்வோம். அப்படியும் இருக்கலாம், ஆனால், முதலில் போல்ட்டைத் தளர்வாக மாட்டி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, காரின் எடை அமர்ந்த பிறகு இறுக்கினார்களா என்று கேளுங்கள். காட்டர் பின் இருந்த இடத்தில் புதிய காட்டர் பின்னே போட வேண்டும். பழையதை நிமிர்த்திப் போடுவது கூடாது.

எல்லாம் முடிந்ததும் சக்கரக் கோணங்களைச் சரிபார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டையோ கீழ்க்கையையோ கழற்றி மாட்டியிருந்தால் அந்தக் கோணம் சற்றேனும் மாறியிருக்கும். தேய்ந்த மூட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் பார்ப்பதால் பயன் இல்லை. இயந்திரம் காட்டும் கோணம் அந்தக் கணத்துக்கு மட்டுமே உண்மை. ஸ்பிரிங்கும் புதிதானால் சில நூறு கிலோமீட்டர் ஓடி அது படிந்த பிறகு, அதே அளவுநாடாவால் உயரத்தை மறுபடி அளந்து குறித்து வைத்துக்கொண்டு, அப்போது அலைன்மெண்டை இன்னொரு முறை பார்த்துவிடலாம்.