பழைய வண்டிக்குப் புது ஆயில் சீல்

தரங்கம்பாடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், நண்டலாற்றைத் தாண்டியதும் பூவம். காரைக்கால் மாவட்டம் இங்கே தொடங்குகிறது. வண்டி எண்கள் பிஒய் 02 என்று மாறுகின்றன. மீன் கூடை, நெல் மூட்டை, புல்லுக்கட்டு என எதை ஏற்றினாலும் இழுத்துச் செல்லும் டிவிஎஸ் மொபெட்டுகளை இந்தக் கடலோர ஊர்களில் இன்றும் பார்க்கலாம். ஓசூரில் 1980இல் பிறந்த டிவிஎஸ் 50தான் இவற்றுக்கு மூத்தது. 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வரும்வரை இந்தக் குடும்பம் முழுக்க இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடியது. அந்தப் பழைய எஞ்சின் நன்றாக இருந்தும் வண்டியைப் படுக்கவைத்துவிடக்கூடிய சின்னப் பொருள் ஒன்று உண்டு. அதுதான் கிராங்கின் ஆயில் சீல்.

ஆயில் சீல் என்பது இரும்பு வளையத்தின்மேல் ரப்பர் வார்த்த ஒரு வட்டு. நடுவில் மெல்லிய உதடு, அந்த உதட்டைச் சுழலும் தண்டோடு அணைத்துப் பிடிக்க ஒரு பொடி ஸ்பிரிங். உதடு தண்டை உலர்வாகத் தொட்டால் விரைவில் கருகிவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு எண்ணெய்ப் படலம் நிற்கிறது. நல்ல சீல் அந்தப் படலத்தை வெளியே கசியவிடாமல், தண்டு சுழலச் சுழல உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. உதட்டின் சரிவும் அதன் முனையில் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன.

முதலில் இது தோலில் செய்யப்பட்டது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849 முதல் தோல் பதனிட்டுவந்த ஃபிராய்டன்பர்க் நிறுவனம், 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது வேறு பிழைப்பைத் தேடித் தோல் சீல்கள் செய்ய இறங்கியது. அங்கே பணியாற்றிய ஆஸ்திரியப் பொறியாளர் வால்தர் சிம்மரின் பெயரால் அந்த சீல் இன்றும் அழைக்கப்படுகிறது. 1936இல் தோலின் இடத்துக்குச் செயற்கை ரப்பர் வந்தது. இந்தக் கதைக்கு நம் கரையிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அதே நிறுவனம், காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினத்தில் இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி மையம் ஒன்றை அமைத்தது. 2009இல் அது திறக்கப்பட்டது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் சீல் தேய்ந்தால் தரையில் எண்ணெய் சொட்டும், அவ்வளவுதான். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆபத்து அதிகம். அங்கே கிராங்க் அறையே பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது பெட்ரோலும் காற்றும் அந்த அறைக்குள் இழுக்கப்படுகின்றன. கீழே வரும்போது அழுத்தப்பட்டு சிலிண்டருக்குள் தள்ளப்படுகின்றன. ஆகவே கிராங்க் அறையின் இரு பக்கமும் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும். அந்தக் காவல்தான் மேக்னெட் பக்கத்திலும் கிளட்ச் பக்கத்திலும் உள்ள இரண்டு சீல்களின் பொறுப்பு.

மேக்னெட் பக்கத்து சீல் போனால், கார்புரேட்டர் வழியாக வராமல் வெறும் காற்று உள்ளே நுழையும். பெட்ரோலின் விகிதம் குறையும். 2டி ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது என்பதால் மசகும் குறையும். எஞ்சின் கொதித்து, கடைசியில் பிஸ்டன் ஜாம் ஆகும். ஆக்சிலேட்டரை விட்டபின்னும் எஞ்சின் ரேசிங்கிலேயே நின்று மெல்ல இறங்குவது இதன் முதல் அடையாளம். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் பலர். மேக்னெட் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் ஈரமும் பிசுக்கும் இருந்தால் சந்தேகத்தை சீல்மேல் வையுங்கள்.

கிளட்ச் பக்கத்து சீல் போனால் அடையாளம் வேறு. வெளியே ஒரு சொட்டும் கசியாமல் கியர் ஆயில் குறையும். சைலன்சரில் வெள்ளைப் புகை அடர்ந்து வரும், பிளக் அடிக்கடி எண்ணெயில் நனைந்து அணையும்.

மேக்னெட் பக்கத்து சீலை வீட்டுத் திண்ணையில் வைத்தே மாற்றலாம். பெட்ரோல் குழாயை மூடி, காற்றோட்டமான இடத்தில் வேலையைத் தொடங்குங்கள். மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் கட்டாயம் வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க் வளைந்துவிடும். உள்ளே இருக்கும் காயில் தட்டைக் கழற்றுமுன் அது நின்ற இடத்தைக் கீறி அடையாளம் செய்யுங்கள். இல்லாவிட்டால் டைமிங் மாறிப்போகும். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று ஒரு படம் எடுத்துவைத்த பிறகே நெம்பி எடுங்கள். நெம்பும்போது தண்டில் கீறல் விழக்கூடாது.

புது சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும். அவை தண்டின் விட்டம், வெளி விட்டம், கனம் ஆகியவற்றின் மில்லிமீட்டர் அளவு. மூன்றும் பொருந்தவேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, தண்டின் மரையிலும் சாவிப் பள்ளத்திலும் டேப் சுற்றி, அதன்மேல் வழுக்கி இறக்குங்கள். சீலின் வெளி விட்டத்துக்குச் சற்றே சிறிய பாக்ஸ் ஸ்பானரை மேலே வைத்து, சாயாமல் சமமாகத் தட்டி உட்காரவையுங்கள். சில எஞ்சின்களில் சீல் பேரிங்குக்குப் பின்னால் இருக்கும். கிராங்க் கேஸைப் பிளந்தால்தான் எடுக்க முடியும். அந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

இவ்வளவு செய்தும் சில மாதங்களில் அதே சீல் மறுபடி போவதுண்டு. பழைய சீல் ஏன் கெட்டது என்று கேட்காமல் புதியதைப் போட்டால் அப்படித்தான் ஆகும். தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது, புது சீலும் நிற்காது. தண்டின்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால், இடமிருக்கும்பட்சத்தில் உதடு அந்தப் பள்ளத்தில் விழாதபடி சீலைச் சற்றுத் தள்ளி உட்காரவைக்கலாம். கடற்கரை மணலும் உப்புக் காற்றும் இந்தப் பள்ளம் விழுவதை விரைவாக்குகின்றன. நான்கு ஸ்ட்ரோக் வண்டியானால் காற்றுவிடும் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் கசியவைக்கும்.

பெட்ரோலும் ஒரு காரணம். இப்போது பம்புகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பின் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் சீலின் மேலேயே பாய்வதால் இது நமக்கு இன்னும் பொருந்தும். சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வெப்பம்வரை தாங்கும். பழுப்பு நிறத்தில் பெரும்பாலும் கிடைக்கும் வைட்டான் வகை 200 டிகிரியையும் எத்தனாலையும் தாங்கும். உங்கள் வண்டி அளவுக்கு அது கிடைத்தால், விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வடித்த பழைய எண்ணெயைக் கொல்லையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். காவிரியின் கடைமடையான இந்த ஊர்களில் வாய்க்கால் தண்ணீர்தான் வயலுக்குப் போகிறது, மண்ணில் இறங்கினால் கிணற்றுக்கும் போகும். ஒரு கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வேலை அதோடுதான் முடிகிறது.